வேகமா வாசிச்சா கட்டைவிரல் இடிக்குது. என்ன பண்ணலாம்?

கேட்டவர்: நாற்பதுக்கு மேல் பியானோ
வயசு 43. ரெண்டு வருஷமா டிஜிட்டல் பியானோல கத்துக்கிறேன். சி மேஜர் ஸ்கேல் (வெள்ளைக் கட்டைகள்ல சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பின்னு ஏறி இறங்குற ஸ்வர வரிசை), வலது கை, ரெண்டு ஆக்டேவ் (ஸ்தாயி). தாளம் தட்டுற மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 72 தட்டுல வச்சு ஒரு தட்டுக்கு நாலு ஸ்வரம் சுத்தமா வருது. 88ஐத் தொட்டா போச்சு. சி, டி, இ தாண்டி எஃப் வர்றப்பல்லாம், உள்ளங்கைக்கு அடியில நுழைஞ்சு வர்ற கட்டைவிரல் 'டொக்'னு விழுது, முழங்கை கோழி றெக்கை மாதிரி தூக்கிக்குது. பத்தே நிமிஷத்துல முன்னங்கை இறுகிடுது. பக்கத்து ரூம்லேருந்து மகள், "அப்பா, நொண்டுது"ங்கறா. மெதுவா ஐம்பது தடவை வாசிங்கன்னாங்க, வாசிச்சேன். மெதுவா வாசிக்க நல்லா வந்திருக்கு, அவ்வளவுதான்.

பதில்: கறுப்புக்கட்டை
சார், நான் டீச்சர் இல்ல, சர்ச் கொயருக்கு வாசிக்கிறவன். இதே 'டொக்'கோட மூணு வருஷம் மல்லுக்கட்டியிருக்கேன்.

முதல்ல சி மேஜரை ஓரமா வைங்க. படிக்க சுலபம், கைக்கு அதுதான் கஷ்டம். எல்லாம் வெள்ளை, விரலுக்கு ஒரு அடையாளமும் கிடையாது. பி மேஜர் எடுங்க. நீள விரல்கள் அஞ்சு கறுப்புக்கட்டை மேல தானா உட்காரும், குட்டையான கட்டைவிரலுக்கு பி, இ ரெண்டு வெள்ளை. பியானோ மேதை ஷோப்பானே மாணவர்களுக்கு பி மேஜர்லதான் ஆரம்பிச்சார், சி மேஜரைக் கடைசிக்குத் தள்ளினார்.

ரெண்டாவது, உங்க ஐம்பது தடவை ஏன் பலிக்கலன்னா, மெதுவா வாசிக்கிறப்ப கட்டைவிரலை உள்ளங்கைக்கு அடியில முழுசா நுழைக்க நேரம் இருக்கு. 88ல விநாடிக்கு கிட்டத்தட்ட ஆறு ஸ்வரம், எங்க நுழைக்கிறது? நடுவிரல் இ-யில இருக்கிறப்பவே முன்னங்கை வலப்பக்கம் கிளம்பியிருக்கணும். நீங்க விரலை மட்டும் அனுப்பிட்டு கையைப் பின்னாடியே விட்டுடறீங்க. அதனாலதான் முழங்கை தூக்குது.

சி, டி, இ மூணையும் ஒரே அமுக்கு. அங்கேருந்து தாவி எஃப், ஜி, ஏ, பி நாலையும் ஒரே அமுக்கு. சத்தம் கர்ணகடூரமா இருக்கும், ஹெட்ஃபோன் மாட்டிக்குங்க. தாவல் பழகினதும் டி-இ-எஃப்-ஜி, இந்த நாலு ஸ்வரம் மட்டும் முழு வேகத்துல. கையைத் தொங்கவிட்டு ஆசுவாசப்படுத்திக்கிட்டு மறுபடி. அப்புறம் ஒவ்வொரு ஸ்வரமா முன்னும் பின்னும் சேர்த்துக்குங்க.

பதில்: சரளிவரிசை
சின்ன வயசுல பாட்டு கத்துக்கிட்டவங்களுக்கு இது பழக்கம்தானே? தாளம் அப்படியே இருக்கும், முதல் காலம், ரெண்டாம் காலம், மூணாம் காலம்னு ஸ்வரம் இரட்டிக்கும். சி மேஜர் நம்ம சங்கராபரணம்தான். மெட்ரோனோமை 60லயே விட்டு ஒண்ணு, ரெண்டு, நாலுன்னு வாசிச்சுப் பாருங்க.

நாற்காலி உயரமும் பாருங்க, முழங்கை கீ மட்டத்துக்கு வரணும். இறுகினா உடனே நிறுத்துங்க. இசையமைப்பாளர் ஷூமன் வலது கை விரல் கெட்டுத்தான் பியானோ மேடைக் கனவையே விட்டார்.

கேட்டவர்: நாற்பதுக்கு மேல் பியானோ
ரெண்டு வாரம் ஆச்சு. உட்கார்ந்திருந்தது சாப்பாட்டு மேஜை நாற்காலி, மூணு விரக்கடை தாழ்வு! தலையணை போட்டதுமே பாதி இறுக்கம் போச்சு. பி மேஜர் 92ல ஓடுது. சி மேஜர் ஏறும்போது சரி. "இறங்கும்போது படியில தடுக்குதுப்பா"ங்கறா மகள்.

பதில்: கறுப்புக்கட்டை
எஃப்-ஐ சீக்கிரம் விட்டுடறீங்க. நடுவிரல் தாண்டி வந்து இ-யில உட்கார்ற வரைக்கும் கட்டைவிரல் அங்கேயே இருக்கட்டும்.