சிதையாதது எல்லாம் அழியாததா? ‘ஃபைடோ’ வாதத்தில் ஓர் ஐயம்

கேள்வி:
கி.மு. 399இல் சாக்ரடீஸ் ஏதென்ஸ் சிறையில் நஞ்சருந்திய நாளில் நிகழ்ந்ததாகப் பிளேட்டோ எழுதிய ‘ஃபைடோ’ உரையாடலைச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். பல கூறுகள் கூடி உண்டான பொருள்தான் அக்கூறுகள் பிரியும்போது அழிகிறது என்றும், ஆன்மா கண்ணுக்குப் புலனாகாததும் கூறுகளற்றதுமாகையால் அது சிதைவதற்கு இடமில்லை என்றும் அங்கே சொல்லப்படும் வாதம் என் மனத்தில் ஆழமாகத் தைத்துவிட்டது. இதை நம்ப விரும்புகிறேன். விரும்புவதாலேயே, இதில் குறை இருந்தால் அதை அறிய வேண்டும் என்றும் நினைக்கிறேன். சிதையாது என்பதும் அழியாது என்பதும் ஒன்றுதானா?

மறுமொழி 1:
உங்கள் ஐயம் அந்நூலுக்குள்ளேயே எழுப்பப்படுகிறது. ஆன்மா ‘முற்றிலும் சிதையாதது, அல்லது ஏறத்தாழ அத்தகையது’ என்றுதான் சாக்ரடீஸே அவ்விடத்தில் சொல்கிறார். அந்த ‘ஏறத்தாழ’வைக் கவனியுங்கள். உரையாடலில் பங்கேற்கும் நண்பர் கெபெஸ் கூறும் மறுப்பும் இங்கேதான் எழுகிறது. முதிய நெசவாளர் ஒருவர் தாம் நெய்த ஆடைகள் பலவற்றை உடுத்திக் கிழித்த பின்னும் வாழ்கிறார். ஆனால் கடைசி ஆடைக்கு முன்பே இறந்துபோகிறார். அவ்வாறே ஆன்மாவும் பல உடல்களைக் கடந்து வந்து, ஓர் உடலோடு ஓய்ந்துவிடலாம் அல்லவா? இதற்கு விடையாக, உயிரைக் கொண்டுவருவதே ஆன்மாவின் இயல்பு, ஆகவே பனி வெப்பத்தை ஏற்காததுபோல ஆன்மா சாவை ஏற்காது என்கிறார் சாக்ரடீஸ். ஆனால் வெப்பம் நெருங்கும்போது பனி விலகிச் செல்லலாம், உருகி இல்லாமலும் போகலாம். ஆன்மா விலகியே செல்லும் என்பதற்கான காரணம் அங்கே மிகச் சுருக்கமாகவே தரப்படுகிறது. நான் பலமுறை படித்தும் எனக்கு அது போதவில்லை.

மறுமொழி 2:
இதே வாதத்தை ஜெர்மானியத் தத்துவஞானி மோசஸ் மெண்டல்சோன் 1767இல் புதுப்பித்தார். கூறுகளற்ற ஒன்று சிறிது சிறிதாகத் தேய முடியாது; ஒரே கணத்தில் மறைவதென்றாலோ, இருக்கும் கணத்துக்கும் இல்லாத கணத்துக்கும் நடுவே காலமே இல்லாமல் போகும், இயற்கையில் அத்தகைய தாவல் நிகழாது என்பது அவர் துணிபு. மற்றொரு ஜெர்மானியத் தத்துவஞானியான கான்ட், 1787இல் வெளிவந்த ‘தூய அறிவு விமர்சனம்’ இரண்டாம் பதிப்பில் இதை மறுத்தார். பகுதிகள் இல்லாத பொருளுக்கும் செறிவில் ஏற்றத்தாழ்வு உண்டு; விளக்கொளி மங்குவதுபோல உணர்வும் படிப்படியாக மங்கி ஒன்றுமில்லாமல் ஆகலாம் என்பதே அம்மறுப்பின் சாரம். என் கணிப்பில் இம்மறுப்பு வலிமையானது. ஆயினும் அவர் அழியாமையைக் கைவிடவில்லை. அடுத்த ஆண்டே, அறநெறி முழுமை பெறுவதற்கு வேண்டிய அடிகோளாக, அதாவது நிறுவ முடியாவிட்டாலும் ஏற்க வேண்டிய கொள்கையாக, அதை ஏற்றார்.

மறுமொழி 3:
ஐயா, நம் சைவ சித்தாந்த மரபில், உடலின் வேறாக ஆன்மா உண்டா, அது அழியாததா என்ற இரு கேள்விகளும் தனித்தனியே நிற்கின்றன. சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் மெய்கண்டார், ‘எனது உடல்’ என்று சொல்வதையும் உறக்கத்தில் உடலுக்கு நுகர்ச்சியும் தொழிலும் இல்லாததையும் காட்டி, உடலின் வேறாக ஆன்மா உண்டு என்று நிறுவுகிறார். அதனால் அழியாமை பெறப்படுவதில்லை. பதியாகிய இறைவனைப் போலவே பசுவாகிய ஆன்மாவும் அநாதி, தோற்றமில்லாததற்கு முடிவில்லை என்ற கொள்கையே அதற்கு அடிப்படை. ‘ஃபைடோ’வில், கற்பதென்பது ஆன்மா பிறப்புக்கு முன் அறிந்ததை நினைவுகூர்வதே என்ற வாதத்தைக் கேட்ட பின், பிறப்புக்கு முன் ஆன்மா இருந்தது என்ற பாதிதான் மெய்ப்பிக்கப்பட்டது என்று நண்பர்கள் முறையிடும் இடத்தை இதனோடு சேர்த்துப் படியுங்கள். சைவ சித்தாந்தி அவ்விடத்தில், ‘முன்பு இருந்தது’ என்பதோடு நில்லாமல் ‘தொடக்கமே இல்லாதது’ என்று காட்டுங்கள் எனக் கேட்டிருப்பார்.