விண்கப்பலில் தேடியும் கசிவு கிடைக்கவில்லை: அதிகாரி லாக்கில் எப்படி எழுதுவார்?

கேள்வி (கடலூர் முதுநகர்):
வணக்கம். விண்கப்பல் அதிகாரி ஒருவரின் லாக் (கப்பலில் நடப்பதை நேரத்தோடு எழுதும் பதிவேடு) பதிவுகளாகவே ஒரு சிறுகதை எழுதுகிறேன். எங்கோ காற்று கசிகிறது. ஆள் அனுப்பித் தேடுகிறார், கிடைக்கவில்லை. அந்த இடத்தில்தான் கதை நிற்கிறது. "எங்கும் தேடினோம், ஒன்றுமில்லை" என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. பயத்தைச் சேர்த்தால் டைரி மாதிரி ஆகிவிடுகிறது. கப்பலில் இருந்தவர்கள் உதவுங்கள்.

பதில் (புதுச்சேரி, முன்னாள் சரக்குக் கப்பல் அதிகாரி):
தம்பி, அந்த "எங்கும்" முதலில் போகட்டும். துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் முன், திருட்டுத்தனமாக யாராவது ஏறியிருக்கிறார்களா என்று கப்பல் முழுக்கத் தேடுவோம். லைஃப்போட், நங்கூரச் சங்கிலி அறை, ஸ்டோர் என்று இடம் வாரியாக, யார் பார்த்தது, எத்தனை மணிக்கு என்று எழுத வேண்டும். பார்க்க முடியாமல் போன இடத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் இனிஷியல்.

இப்படி எழுதிப் பாருங்கள்:
"03.40 கீழ்த்தளம் பார்த்தாயிற்று. அழுத்தம் தொடர்ந்து குறைகிறது. 4ஆம் அறைக் கதவு திறக்கவில்லை, உள்ளே பார்க்கப்படவில்லை. 04.10 தேடல் நிறுத்தம். கேப்டனுக்குத் தெரிவிக்கப்பட்டது."

பயம் என்ற சொல்லே வேண்டாம். அந்தத் திறக்காத கதவு போதும்.

பதில் (தேவனாம்பட்டினம்):
சர்வதேச விண்வெளி நிலையத்தில் நிஜமாகவே இது நடந்தது. 2020 ஆகஸ்டில் அங்கிருந்த மூன்று பேரும் ரஷ்யப் பகுதியான ஸ்வெஸ்தாவில் தங்கிக்கொண்டு, மற்ற பகுதிகளின் கதவுகளை மூடிவிட்டார்கள். எந்தப் பகுதியில் அழுத்தம் இறங்குகிறது என்று தரையிலிருந்து கவனித்தார்கள். பிடிபடவில்லை. கடைசியில் பார்த்தால் கசிவு ஸ்வெஸ்தாவிலேயே இருந்தது! அக்டோபரில் அந்த மூவரில் ஒருவரான ரஷ்ய வீரர் அனடோலி இவானிஷின் தேயிலைத் துகள்களை மிதக்கவிட்டார். அவை நகர்ந்து போன பக்கம்தான் விரிசல்.

கேட்டவர்:
ஐயா, அண்ணா, இருவருக்கும் ரொம்ப நன்றி. சரி, என் அதிகாரி லாக் எழுதுகிற அறையிலேயே கசிவை வைக்கிறேன். அது அவருக்குத் தெரியாது. 4ஆம் அறை மேல்தான் அவருக்குச் சந்தேகம். இன்னொன்று, நேரம் எந்த ஊர்க் கணக்கில் போடுவது?

பதில் (தேவனாம்பட்டினம்):
விண்வெளி நிலையத்தில் யூடிசி எனும் உலகப் பொது நேரம், நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். உங்கள் கப்பலுக்கும் ஒரே கடிகாரமாக வைத்து, லாக்கின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.