வெளியே ஃபோன் கால் போகிறது, உள்ளே வரவில்லை – டர்பன், தென்னாப்பிரிக்கா, அவசரம்

டர்பன்கடை: நேற்றுக் கடை லைனை இணைய ஃபோனுக்கு மாற்றினோம். 031 என்ற ஏரியா கோடோடு பழைய நம்பரே வந்துவிட்டது. இங்கிருந்து கால் போகிறது, வெளியிலிருந்து வரவில்லை. எல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறேன். நாளை சனிக்கிழமை, பார்ட்ஸ் கேட்டு விடியும்போதே கூப்பிடுவார்கள். யாராவது உடனே சொல்லுங்கள்.

வயர்மேன்: கடைக்குள் கால்களைப் பிரித்து அனுப்பும் பெட்டி, எந்த பிபிஎக்ஸ்? கூப்பிடுபவர் காதில் என்ன கேட்கிறது? மணியா, எங்கேஜ் டோனா, ஏதாவது குரலா?

ரவுட்டர்ராஜா: ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி என்று இணைய ஃபோன் கால்களில் கைவைக்கும் ஒரு செட்டிங் இருக்கும், அணைத்துவிடுங்கள். எப்போதும் அதுதான்.

உம்கெனி: எந்த ரவுட்டர் என்றே தெரியாது, அதற்குள் மருந்து ரெடி. தம்பி, ட்ரங்க், அதாவது லைன் கொடுத்தவரோடு உள்ள இணைப்பு, ரிஜிஸ்டர் ஆகியிருக்கிறதா?

மூத்தவர்31: உள்ளே வரும் கால் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் இன்பவுண்ட் ரூட் பற்றி இங்கே எத்தனை தடவை எழுதியாயிற்று. தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. டிஐடி என்றால் என்னவென்று தெரிந்துகொண்டு வாருங்கள், பேசலாம்.

மாரிட்ஸ்பர்க்: செம்புக் கம்பி லைனை ஏன் விட்டீர்கள்? லோட்ஷெடிங் மின்வெட்டில் தெருவே இருட்டாகக் கிடந்தபோதும் என் ஃபோன் அடித்தது. கரன்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும். 2007 வரை ஊருக்குள் ஏரியா கோடு கூட வேண்டாம், ஏழு எண்ணோடு முடிந்தது.

உம்கெனி: அடித்தது, திருடன் கேபிளை அறுத்துக்கொண்டு போகும் வரை. ரவுட்டர், ஃபைபர் பெட்டி, பிபிஎக்ஸ் மூன்றையும் ஒரு யுபிஎஸ்ஸில் மாட்டினால் வேலை முடிந்தது.

மாரிட்ஸ்பர்க்: மின்வெட்டு ஸ்டேஜ் சிக்ஸுக்குப் போனால் அந்த பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? புதுசு வாங்கித் தருவது நீங்களா?

டர்பன்கடை: பிபிஎக்ஸ் மென்பொருள் ஃப்ரீபிபிஎக்ஸ். ட்ரங்க் ரிஜிஸ்டர்ட் என்றுதான் காட்டுகிறது. ஏஎல்ஜியை அணைத்தேன், மாற்றமில்லை. மொபைலிலிருந்து கூப்பிட்டால் இந்த நம்பர் சேவையில் இல்லை என்று இங்கிலீஷில் ஒரு பெண் சொல்கிறாள்.

வயர்மேன்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அந்தக் குரல் பெரும்பாலும் உங்கள் பெட்டிக்குள்ளிருந்துதான் வருகிறது. கால் வாசல் வரை வந்துவிட்டது, கடைக்குள் எந்த ஃபோனுக்கு, எந்த எக்ஸ்டென்ஷனுக்குப் போவதென்று தெரியவில்லை. ரிப்போர்ட்ஸ் மெனுவில் ஆஸ்டரிஸ்க் லாக்ஃபைல்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு மொபைலில் கூப்பிடுங்கள். ஒரு வரி கூட வரவில்லையா, லைன் கொடுத்தவரைக் கேளுங்கள். வந்தால், எந்த நம்பருக்கு வந்தது என்று பாருங்கள். நீங்கள் 031 என்று போட்டிருப்பீர்கள், அவர்கள் 0-க்குப் பதில் நாட்டுக் கோடு 27 போட்டு 2731 என்றோ +2731 என்றோ அனுப்புவார்கள். லாக்கில் இருப்பதை அப்படியே இன்பவுண்ட் ரூட்டில் டிஐடி கட்டத்தில், அதாவது கூப்பிடப்பட்ட நம்பருக்கான கட்டத்தில், போடுங்கள். பக்கத்தில் கூப்பிடுபவர் நம்பருக்கான காலர்ஐடி கட்டம் காலியாக இருக்கட்டும். சிலர் கடை நம்பரை அங்கே போட்டுவிட்டுத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

புதியவன்: அலௌ அனானிமஸ் செட்டிங்கை ஆன் செய்யுங்கள், எனக்கு அதில் சரியானது.

மூத்தவர்31: தயவுசெய்து வேண்டாம். முன்பின் தெரியாதவனெல்லாம் உங்கள் பெட்டிக்குக் கால் அனுப்ப வழி விடுகிறீர்கள். வேறெங்காவது ஒரு ஓட்டை இருந்தால் வெளிநாட்டு பில் உங்கள் தலையில். வயர்மேன் சொன்னதைச் செய்யுங்கள்.

டர்பன்கடை: 2731 போட்டு அப்ளை கான்ஃபிக் அழுத்தினேன். அடிக்கிறது. நன்றி அண்ணா.

வயர்மேன்: ப்ளஸ் இருந்ததா இல்லையா? அடுத்து வருபவருக்கு உதவும். இரண்டாவது நம்பர் இருந்தால் அதற்கும் ரூட் போட வேண்டும்.

வயர்மேன்: தம்பி?

பீனிக்ஸ்செல்வி: எனக்கும் இதே பிரச்சினைதான். ஆனால் மணி அடிக்கிறது, எடுத்தால் அவர்கள் பேசுவது மட்டும் கேட்கவில்லை.

ரவுட்டர்ராஜா: சிப் ஏஎல்ஜி.