ஆடாத பால்பல்

மஞ்சக்குப்பம் வீட்டுக் குழு

சித்தி: தம்பியைப் பல் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தோம். 10 வயதாகியும் கீழ்க் கடைவாய்ப் பால்பல் ஆடவே இல்லை. சனிக்கிழமை பிடுங்கிவிட்டு, அப்புறம் கிளிப் போடலாம் என்கிறார்கள். எக்ஸ்ரே அனுப்பியிருக்கிறேன். பாண்டி அம்மு, நீ பார்த்துச் சொல்.

பெரியம்மா: நாங்கள் நூல் கட்டி இழுத்துவிடுவோம். இதற்கு எக்ஸ்ரே வேறு!

பாண்டி அக்கா: சித்தி, பிடுங்க வேண்டாம். அந்தப் பால்பல்லுக்கு அடியில் பாருங்கள், வெறும் எலும்புதான். முளைக்க வேண்டிய பல்லே இல்லை. இரண்டு பக்கமும் அப்படித்தான். மற்ற பற்களின் வேரும் குட்டை. ரத்தப் புற்றுநோய் இருந்ததை அங்கே சொன்னீர்களா?

சித்தி: இல்லையே. அவர்களும் கேட்கவில்லை. மருந்து முடிந்தே 5 வருடம் ஆகிறது, பல்லுக்கும் அதற்கும் என்ன?

பாண்டி அக்கா: கீமோ ஆரம்பித்தபோது அவனுக்கு இரண்டரை வயது. அந்த இடத்து நிரந்தரப் பல் தாடைக்குள் உருவாகத் தொடங்குவதே அந்த வயதில்தான். வேகமாகப் பெருகும் செல்லைத்தான் கீமோ அடிக்கும். புற்றுச் செல்லா, பல் செல்லா என்று அதற்குத் தெரியாது.

மாமா: என் மச்சானுக்கும் ஒரு பல் முளைக்கவே இல்லை. அவனுக்கு எந்த நோயும் கிடையாதே?

பாண்டி அக்கா: அப்படியும் உண்டு மாமா. இவனுக்கு வேரும் குட்டையாக இருப்பதால்தான் சந்தேகம்.

சித்தி: நான்தான் சிரப்பு கொடுத்துவிட்டு வாய்கூடக் கழுவாமல் தூங்க வைப்பேன். வாயெல்லாம் புண், தயிர்சாதமே எரிகிறது என்று அழுவான். பிரஷ்ஷை எப்படி வைப்பது?

பாண்டி அக்கா: சிரப்பால் சொத்தை வரலாம், பல்லே முளைக்காமல் போகாது. உங்கள் மேல் ஒன்றும் இல்லை சித்தி. வேர் கரையாமல் இருந்தால் இந்தப் பால்பல்லே பல வருடம் நிற்கும். கிளிப் போட்டாலும் மெதுவாகத்தான் இழுக்க வேண்டும், குட்டை வேர் தாங்காது. ஜிப்மர் ஃபைல் இருக்கிறதா? தலைக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்களா என்று பார்க்க வேண்டும். வைத்திருந்தால் எச்சில் குறைந்து சொத்தை சீக்கிரம் விழும்.

சித்தி: வைக்கவில்லை, முதுகில் ஊசி மட்டும்தான். ஃபைல் பீரோ மேல் அட்டைப்பெட்டியில். அதைத் திறக்கவே மனசு வரவில்லை.

பாண்டி அக்கா: ஞாயிறு வருகிறேன். நானே திறந்துகொள்கிறேன்.

ஆயா: விழுந்த பல்லையெல்லாம் சாணியில் வைத்து நான்தானே கூரைமேல் எறிந்தேன். மாடி வீடாயிற்றே, சரியாகப் போய் விழவில்லையோ?

மாமா: அம்மா, நீங்கள் சும்மா இருங்கள் 😄

சித்தி: அக்கா, நான்தான், அம்மா போன். அப்போ சனிக்கிழமை ஊசி இல்லையா?

பாண்டி அக்கா: இல்லடா. போய்ப் பல் தேய்த்துவிட்டுத் தூங்கு.