பனித்துளிக்குள் தெரியும் பூ கூர்மையாக விழ என்ன செய்வது?

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தேயிலைத் தோட்டம். விடிந்ததும் கொழுந்து நுனியில் நிற்கும் பனித்துளிகளை 100 எம்எம் மேக்ரோ லென்ஸில் (சின்னப் பொருளை மிக நெருக்கத்தில் எடுக்கும் லென்ஸ்) எடுக்கிறேன். பின்னால் இருக்கும் பூ துளிக்குள் தலைகீழாகத் தெரியும், அவ்வளவு அழகு! ஆனால் துளியின் விளிம்பு தெளிவாக வந்தால் உள்ளே பூ மங்குகிறது. பூவைப் பிடித்தால் விளிம்பு போய்விடுகிறது. 1:1 நெருக்கத்தில் (பொருள் சென்சாரில் அதன் நிஜ அளவிலேயே விழும்) லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப் 11 வைத்தாலும் கூர்மையாக விழுவது சுமார் ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான். இன்னும் சுருக்கி எஃப் 22 போனால் படம் முழுக்கவே மங்கல்.

ட்ரைபாட், மேனுவல் ஃபோகஸ் எல்லாம் உண்டு. ஃபோகஸை மாற்றி மாற்றிப் பல படம் எடுத்து ஒன்றாக அடுக்கலாம் என்றால் காற்றில் இலை நிற்பதில்லை. அப்புறம் வெயில் ஏறினால் துளியே இருக்காது.

தண்டை எப்படி அசையாமல் நிறுத்துகிறீர்கள்? ஒரே படம்தான் என்றால் ஃபோகஸ் விளிம்பிலா, பூவிலா? ஃப்ளாஷ் போட்டு எடுத்தவர்கள் செட்டிங்கையும் சொல்லுங்கள்.