சங்கேதமா, சாதா எழுத்தா? வட்டுகளில் பார்த்த சில

வட்டுத்தேடி:

பதினோரு வருடமாக வழக்குகளுக்காகக் கணினி வட்டுகளைக் கிண்டி ஆதாரம் தேடுவதுதான் பிழைப்பு. அதில் நான் அசடு வழிந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்குக் கூச்சம் போகும்.

கூட்டாளிகள் இருவருக்குள் தகராறு. ஒருவருடைய மடிக்கணினி வட்டின் இமேஜ், அதாவது அச்சு அசல் நகல், என் மேசைக்கு வந்தது. நகல் மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணைச் சரிபார்த்தாயிற்று, அழித்த ஃபைல்களையும் மீட்டாயிற்று. அவற்றில் ஒன்று நாற்பது வரி நோட்பேட் ஃபைல். முழுக்க ஆங்கில எழுத்து, நடுநடுவே அரைப்புள்ளி, அடைப்புக்குறி. ஒரு வார்த்தைகூட வாயில் நுழையவில்லை. வழக்கறிஞர் எட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாம் இதுக்குள்ளேதான் இருக்கு சார்” என்றார். எனக்கும் கை பரபரத்தது.

எழுத்துகள் எவ்வளவு அடிக்கடி திரும்பி வருகின்றன, அதாவது எங்கேயாவது இரண்டு எழுத்தை எடுத்தால் இரண்டும் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று அளந்து பார்த்தேன். கண்டபடி தட்டிய குவியல் என்றால் அந்த எண் 0.038 பக்கம் நிற்கும், இயல்பான ஆங்கிலம் என்றால் 0.067 பக்கம். இது 0.067ஐ ஒட்டியே வந்தது. ஆக, கீழே ஏதோ ஒரு மொழி இருக்கிறது, எழுத்துக்கு எழுத்து மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆனால் உடைக்கும் மென்பொருளில் போட்டால் வந்ததெல்லாம் உளறல். இரண்டு நாள் போயிற்று.

கடைசியில் தாளில் அச்செடுத்து, பென்சிலால் அரைப்புள்ளிகளை மட்டும் வட்டமிட்டேன். வரிக்கு ஏழெட்டு. எந்த வார்த்தையின் தொடக்கத்திலும் இல்லை, இரண்டு சேர்ந்தாற்போலவும் இல்லை. எங்கும் இருக்கும், ஆனால் முதலில் வராது, இரட்டிக்காது. அப்படி ஒரு குறி தமிழில் இருக்கிறதே, மெய்யெழுத்தின் தலையில் வைக்கிற புள்ளி! உடனே ஒரு வார்த்தையில் கண் நின்றது: ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. ‘தமிழ்’. பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும் பழைய எழுத்துரு) அடித்ததை யாரோ நோட்பேடில் ஒட்டியிருக்கிறார்கள், எழுத்துரு கழன்றுவிட்டது. அவ்வளவுதான்.

என் மென்பொருள் ஏன் திணறியது என்பதும் அப்புறம்தான் உறைத்தது. அரைப்புள்ளியை நிறுத்தற்குறி என்று தூக்கி எறிந்திருக்கிறது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாவற்றையும் ஒன்றாக்கியிருக்கிறது. பாமினியில் இரண்டும் வெவ்வேறு தமிழ் எழுத்து. மிச்சம் என்ன இருக்கும்?

உள்ளே இருந்தது வீடு மாற்றும்போது எந்தப் பெட்டியில் எந்தச் சாமான் என்ற பட்டியல். வழக்கறிஞரின் முகத்தை நான் பார்க்கவில்லை, போனில்தான் சொன்னேன்.

பதினாறடி:

இதைப் படித்ததும் என் கதை நினைவுக்கு வந்தது. உங்களுடையது தமிழ் சங்கேதமாகத் தெரிந்த கதை, என்னுடையது நிஜச் சங்கேதம், ஆனால் அடியில் தமிழ்.

ஒரு செயலியின் தரவு அடைவில் 6 கேபி ஃபைல். பெயருக்கு நீட்டிப்பு இல்லை, எந்த வகை ஃபைல் என்று காட்டும் தலைப்பு பைட்டும் இல்லை. ஒற்றை பைட் எக்ஸாராக (ஒவ்வொரு பைட்டையும் ஒரே கீயோடு பிட்டுக்குப் பிட்டு கலப்பது, அதே கீயை மறுபடி போட்டால் அவிழும்) இருக்கலாம் என்று 255 கீகளையும் ஓட்டினேன். இதெல்லாம் கண் இமைக்கும் நேரத்து வேலை. வந்த 255 விடைகளிலும் ஏதாவது ஆங்கில வார்த்தை தென்படுகிறதா என்று தேடினேன். இல்லை. ‘எக்ஸார் அல்ல’ என்று குறிப்பில் எழுதி மூடிவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது. ஆங்கிலம் தேடினால் ஆங்கிலம்தான் கிடைக்கும்.

மறுநாள் ஹெக்ஸ் எடிட்டரில் (ஒவ்வொரு பைட்டையும் 0 முதல் 9, ஏ முதல் எஃப் வரையிலான இரண்டு குறிகளாகக் காட்டும் மென்பொருள்) ஒரு வரிக்கு 16 பைட் என்பதை 12 ஆக மாற்றி வைத்தேன், சும்மா. பளிச்சென்று தூண்கள் தெரிந்தன. ஒரு இடத்தில் இப்படி:

பி5 எஃப்பி எஃப்எஃப் / பி5 எஃப்பி எஃப்6 / பி5 எஃப்பி எஃப்பி / பி5 எஃப்ஏ டி8

மூன்றுக்கு ஒரு முறை பி5. அதை அடுத்து எப்போதும் எஃப்பி அல்லது எஃப்ஏ. யூனிகோடு எழுத்தைப் பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் மூன்று பைட், முதல் பைட் எப்போதும் ஈ0, இரண்டாவது ஏஈ அல்லது ஏஎஃப். பி5ஐயும் ஈ0வையும் எக்ஸார் செய்தால் 55. அதுதான் கீ. மேலே உள்ள 12 பைட்டையும் 55ஆல் அவிழ்த்துப் பாருங்கள்: ‘பணம்’. முந்தைய நாள் வந்த 255 விடைகளில் இதுவும் இருந்திருக்கிறது. என் திரை அந்த பைட்டுகளை எல்லாம் வெறும் புள்ளிகளாகக் காட்டியதால் குப்பை என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

இதே கணக்கு பேஸ்64இலும் (எந்த பைட்டையும் சாதா எழுத்தாக மாற்றி எழுதும் முறை) உதவும். அங்கே மூன்று பைட் நான்கு எழுத்தாகிறது, தமிழும் மும்மூன்று பைட். ஆக, தமிழ்ச் சொல்லில் தொடங்கும் பேஸ்64 சரத்தில் ஒவ்வொரு நான்கின் தொடக்கமும் ‘4கே6’ அல்லது ‘4கே+’ என்றே வரும். சொல் இடைவெளி வந்ததும் வரிசை ஒரு பைட் நகர்ந்து வேறு அச்சு ஆகிவிடும், ஆனால் முதல் சொல் காட்டிக்கொடுத்துவிடும். இப்போதெல்லாம் முதலில் அதைத்தான் தேடுகிறேன். சொல்லப்போனால் பேஸ்64 சங்கேதமே அல்ல, கீ இல்லாமல் யாரும் திருப்பிவிடக்கூடிய வெறும் குறியாக்கம். அறிக்கையில் அதைக் ‘குறியாக்கம்’ என்றுதான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு கிழித்துவிடும்.

புதுமுகம்:

அண்ணா, நானும் ஒன்று. மின்னஞ்சல்களில் கண்ணுக்குத் தெரியாத யூனிகோடு குறிகள் 14 கிடைத்தன, எல்லாம் யு+200சி என்ற எண்ணுள்ள குறி. அகலமில்லாத எழுத்துகளால் செய்தி ஒளிப்பதைப் பற்றி அப்போதுதான் படித்திருந்தேன். மேலதிகாரியிடம் ஓடினேன். அவர் ஒரே கேள்வி கேட்டார்: “எந்த எழுத்துக்கு நடுவில்?” பார்த்தால் பதினான்கும் ‘க்’குக்கும் ‘ஷ’வுக்கும் நடுவில். கூட்டெழுத்தாகச் சேராமல் ‘ரிக்‌ஷா’ என்று பிரித்துக் காட்டப் போடுகிற குறி அது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினேன்.

வட்டுத்தேடி:

தம்பி, ஓடினதில் தப்பில்லை. நிஜமாக ஒளித்திருந்த ஒன்றை நான் பார்த்தபோது யு+200பி (அதுவும் கண்ணுக்குத் தெரியாத குறிதான்), யு+200சி இரண்டும் மாறிமாறி, வாக்கியம் முடிந்த இடத்தில் கொத்தாகக் கிடந்தன. எண்ணினால் 8இன் மடங்கு, எட்டு பிட் ஒரு பைட் அல்லவா. அங்கே எந்த எழுத்தையும் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை.

கடைசிபைட்:

என் அனுபவம் மொழி சார்ந்தது இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஒரு புகைப்பட அடைவில் எல்லாம் 2, 3 எம்பி. ஒன்று மட்டும் 19. திறந்தால் சாதாரணப் படம். ஜேபெக் படம் எஃப்எஃப் டி9 என்ற இரண்டு பைட்டில் முடியும். அதற்குப் பின்னாலும் ஃபைல் ஓடிக்கொண்டே இருந்தது, அடுத்த பைட்டுகள் 50 4பி, எழுத்தில் ‘பிகே’. ஜிப். ஜிப்பின் அட்டவணை ஃபைலின் கடைசியில் இருப்பதால் முன்னால் படம் ஒட்டியிருந்தாலும் அது பாட்டுக்குத் திறக்கும். (எச்சரிக்கை: சில போன்கள் அசையும் படத்துக்காக ஜேபெக்குக்குப் பின்னால் வீடியோவை ஒட்டிவைக்கின்றன. வால் நீண்டதெல்லாம் குற்றம் இல்லை.)

ஜிப்புக்குக் கடவுச்சொல் இருந்தது. மூன்று வாரம் அகராதித் தாக்குதல், அதாவது சொற்பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தல், பயனில்லை. வட்டை எடுத்த அன்று மேசையையும் படம்பிடித்திருந்தார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது விசைப்பலகைக்குப் பக்கத்தில் ஒரு துண்டுத்தாள். அதில் இருந்தது. 2010இல் அமெரிக்காவில் பிடிபட்ட ரஷ்ய உளவாளிகள் விஷயத்திலும் இதே கதைதான். படத்துக்குள் செய்தி ஒளிக்கும் மென்பொருள் வைத்திருந்தார்கள், அதன் 27 எழுத்துக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதியும் வைத்திருந்தார்கள். 27 எழுத்தை யார் மனப்பாடம் செய்வது, பாவம்.

கணக்கன்:

நான் கணக்குத் தணிக்கை வழியாக இந்த வேலைக்கு வந்தவன், அதனால் என் கண் எண்களில்தான் நிற்கும். எக்செல் ஃபைல் ஒன்று, ‘சில்லறைச் செலவு’ என்று பெயர். தேதி இல்லை, யாருக்கு என்று இல்லை, கீழே கூட்டல் இல்லை. செலவு எழுதுகிறவன் கூட்டாமல் விடுவானா? வடிகட்டிப் போட்டுப் பார்த்தேன். எந்தத் தொகையிலும் புள்ளிக்கு முன்னால் 18ஐத் தாண்டவில்லை. புள்ளிக்குப் பின்னால், ஒரே ஒரு வரி தவிர, 12ஐத் தாண்டவில்லை. .50 இல்லை, .75 இல்லை. உலகத்தில் எந்தச் செலவுப் பட்டியலில் .50 வராது?

18ம் 12ம். இரண்டாம் வகுப்புச் சுவரில் தொங்குமே, அந்த உயிர்மெய் அட்டவணை! முன்னால் மெய்யின் வரிசை எண், பின்னால் உயிரின் எண். 8.02 என்றால் எட்டாவது மெய் ‘ந்’, இரண்டாவது உயிர் ‘ஆ’, சேர்ந்து ‘நா’. அடுத்த வரி 16.09, ‘ளை’. நாளை. 0.03 போல முன்னால் பூஜ்யம் வந்தால் தனி உயிர். பின்னால் .00 வந்தால் தனி மெய். வட்டுத்தேடி சொன்ன புள்ளிக் கதை இங்கேயும் அப்படியே: .00 வரிகள்தான் அதிகம், ஆனால் வெற்று வரிக்கு அடுத்து, அதாவது சொல்லின் முதலில், ஒன்றுகூட இல்லை.

இவ்வளவு எளிய சங்கேதத்தை இந்தக் காலத்தில் யார் வைத்துக்கொள்வார்கள் என்று என் உதவியாளர் கேட்டார். 2006இல் பிடிபட்ட சிசிலி மாஃபியா தலைவர் பெர்னார்டோ புரொவென்சானோ துண்டுச்சீட்டுகளில் ஏ-வுக்கு 4, பி-க்கு 5 என்று மூன்று தள்ளி எழுதிக்கொண்டிருந்தார். 43 வருடத் தலைமறைவில் அவருக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

213 வரியில் ஒன்று மட்டும் அவிழவில்லை: 7.13. பதின்மூன்றாவது உயிர் கிடையாதே.

புதுமுகம்:

ஆய்த எழுத்தாக இருக்குமோ?

கணக்கன்:

0.13 என்றால் ஒத்துக்கொண்டிருப்பேன். 7.13 என்றால் ‘த்’மேல் ஆய்தம் ஏறி உட்கார வேண்டும். 7.03 என்று அடிக்கப்போய் விரல் நழுவியிருக்கும். அங்கே ‘தி’ போட்டால் வாக்கியமும் சரியாக வந்தது. ஆனாலும் அறிக்கையில் ‘வாசிக்க இயலவில்லை’ என்றுதான் எழுதினேன்.