மழைக்காலத்தில் ஷெல்லாக் வெளுக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே, பெரம்பூரில் சின்னப் பட்டறை வைத்து கையாலேயே அக்கூஸ்டிக் கிட்டார் செய்கிறேன். இப்போது மேசையில் இருப்பதற்கு முகப்பு ஸ்ப்ரூஸ், பின்பக்கமும் பக்கவாட்டும் ஈட்டி மரம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து பிரெஞ்ச் பாலிஷ், அதாவது ஷெல்லாக் என்னும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லிய படலமாகத் தேய்ப்பது, சரியாக வரமாட்டேன் என்கிறது. பஞ்சு வைத்த துணிப் பொட்டலத்தால் தேய்க்கும்போது பளபளவென்று இருக்கிறது, ஸ்பிரிட் பறந்ததும் ஈட்டியின் கருவரிகள் மேல் பால் சிந்தின மாதிரி வெள்ளைப் படலம். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதுதான் காரணம். கிட்டார் வேலைக்கு ஈரப்பதம் 45, 50 சதவீதம் இருந்தால் நல்லது, மழை நாளில் இங்கே 80க்குக் கீழே இறங்குவதே இல்லை.

ஷெல்லாக்கை விட்டுவிட்டு பியூ (பாலியூரித்தேன் பூச்சு) அடித்துவிடு என்கிறார்கள், எனக்கு மனசே வரவில்லை. படலம் தடித்தால் முகப்புப் பலகையின் அதிர்வு அடங்கிவிடும்.

வீணைக்கோ மர சாமான்களுக்கோ இந்தக் கடலோரக் காற்றில் ஷெல்லாக் போடுகிறவர்கள் யாராவது சொல்லுங்கள்: ஏசி போதுமா, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் வாங்கியே ஆக வேண்டுமா? வெளுத்த இடத்தில் ஸ்பிரிட் மட்டும் தொட்டுத் தேய்த்தால் மறையுமா, முழுக்கச் சுரண்டணுமா? அப்புறம், மெழுகு நீக்கிய ஷெல்லாக் செதில் பாரிமுனைப் பக்கம் சில்லறையில் கிடைக்குமா? மார்கழிக்குள் கொடுத்தாக வேண்டும், தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.